வரம்புக்கல் என்போம்

சாலையின் மருங்கில் கருப்பும் வெள்ளையுமாக வண்ணம் தீட்டப்பெற்ற கற்களை நம் மாணவச் செல்வங்கள் நாள்தோறும் காண்கின்றனர். அவற்றின் பெயர் யாது என வினவினால், சிலர் ‘ஓரம்’ என்பர். சிலர் ‘நடைபாதை’ என்பர். ஆங்கிலம் அறிந்தோர் ‘கெர்ப்’ என்பர். தமிழில் திட்டமாக ஒரு பெயர் சொல்வார் அரியர். இதனைச் சிறு குறையென நாம் கருதவில்லை.

தோட்டத்துச் செம்மண் சாலைகளில் இக்கல் இல்லை. ஆகவே, நம் முன்னோருக்கு அதன் பெயர் தேவைப்படவில்லை. பின்னர்த் தோட்டங்கள் பல மறைந்தன. குடும்பங்கள் பட்டணங்களில் குடியேறின. இன்று நம் பிள்ளைகள் விரைந்தோடும் ஊர்திகளின் அருகே நடக்கின்றனர். “ஓரமாக நில்” என்று எச்சரிக்கிறோம். தார்ச்சாலையின் விளிம்பும் ஓரமே. அதற்கப்பால் உள்ள புல்தரையும் ஓரமே. பிள்ளை எங்கே நிற்கும்?

‘நடைபாதை’ என்பதும் பொருந்தாது. அது மக்கள் நடக்கும் தளம். இக்கல்லோ அத்தளத்தையும் ஊர்திகள் செல்லும் சாலையையும் பிரிப்பது. சாலையின் விளிம்பு சிதையாமல் காப்பதும், மழைநீரை வடிகாலுக்குச் செலுத்துவதும், ஊர்திகள் மேலேறாமல் தடுப்பதும் அதன் பணிகளாம்.

பிற மொழியினர் இதற்குப் பெயரிட்ட முறை சிந்திக்கத்தக்கது. ஆங்கிலத்தில் இக்கல்லின் பெயரும், குதிரையை அடக்கும் கடிவாளப் பட்டையின் பெயரும் ஒரே வேரில் தோன்றியவை. ஆங்கிலேயர் எழுத்தால் மட்டும் அவற்றை வேறுபடுத்துவர். அமெரிக்கர் இரண்டையும் ஒன்றுபோலவே எழுதுவர். மலாய் மொழியில் இதனை ‘பெபெண்டுல்’ என்பர். ‘பெண்டுல்’ என்பது வீட்டு வாயிற்படி. அக்காள் இருக்கத் தங்கை மணம் புரிவதை, வாயிற்படியைத் தாண்டுதல் என்னும் பொருளில் ‘லங்கா பெண்டுல்’ என மலாய்க்காரர் வழங்குவர். ஆக, இரு மொழியினரும் இக்கல்லின் பெயரிலேயே அடக்கத்தையும் எல்லையையும் வைத்துள்ளனர்.

நம் மொழியில் இப்பொருளுக்கு ஏற்ற சொல் முன்னமே உள்ளது. அதுவே ‘வரம்பு’. வயலில் நீரைத் தேக்குவதற்கும், பயிரை மிதிக்காமல் நடப்பதற்கும் உழவர் அமைத்த மண்கரை அது. எல்லை, ஒழுங்கு என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. “வரம்பு மீறாதே” என்று வீட்டிலும் பள்ளியிலும் நாம் சொல்லவில்லையா? எனவே, சாலைக் கல்லை ‘வரம்புக்கல்’ என வழங்கலாம் என்பது நம் பரிந்துரை.

வழக்கில் உள்ள ‘கெர்ப்’ போதாதா என்பாரும் உளர். மலாய், ஆங்கிலப் பெயர்களையும் மாணவர் அறிய வேண்டுவதே. ஆயினும், ஆறு வயதுப் பிள்ளைக்கு ‘கெர்ப்’ வெறும் ஒலி. ‘வரம்பு’ என்றாலோ, அதனை மீறலாகாது என்பதும் உடன் விளங்கும்.

பெற்றோர்களே! பள்ளிக்கு வரும் வழியில் அக்கல்லைச் சுட்டிக்காட்டிப் பெயரைச் சொல்லுங்கள். “வரம்புக்கல்லுக்குப் பின்னே நில், வலம் பார், இடம் பார், மீண்டும் வலம் பார், பிறகு கட” எனப் பழக்குங்கள். தெளிவான சொல் பிள்ளையின் உயிரையும் காக்கும் என்பதை நாம் மறவாதிருப்போமாக!