'முன்னாடியே ஏன் சொல்லல?': புல்லியிங்கில் சிக்கிய பிள்ளையிடம் கேட்கக் கூடாத முதல் கேள்வி

பள்ளியில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் சீண்டப்பட்டது தெரியவரும்போது, வீட்டிலும் சரி, ஸ்டாஃப் ரூமிலும் சரி, முதலில் வந்து விழும் கேள்வி இதுதான்: "இத்தனை நாளா ஏன் சொல்லல?" அக்கறையில் கேட்கிறோம் என்றுதான் நினைக்கிறோம். பிள்ளையின் காதில் அது "உன் மேலயும் தப்பு இருக்கு" என்று விழுகிறது. உண்மையில் அந்தக் கேள்வியை நாம் நம்மிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். சொன்னால் என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு நாம் காட்டி வைத்திருக்கிறோம்?

சொன்னவனுக்கு என்ன ஆனது?

2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. உடன் படித்தவர்களின் சாதியத் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான் ஒரு பிளஸ் 2 மாணவன். பள்ளியிலிருந்து விசாரித்த பிறகுதான் நடந்ததைச் சொன்னான். புகாராக எழுதியும் கொடுத்தான். அன்று இரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

அவன் செய்தது நாம் எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்ப்பதைத்தான். வாயைத் திறந்து சொன்னான். சொன்ன பிறகு அவனைக் காக்க யாரும் இல்லை. "தைரியமா சொல்லுங்க" என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வது சுலபம். சொன்னவரைப் பாதுகாக்கும் ஏற்பாடு இல்லாமல் அதைச் சொல்வது பொறுப்பில்லாத காரியம்.

கிண்டலுக்கும் புல்லியிங்குக்கும் என்ன வித்தியாசம்?

இந்தத் துறையின் முன்னோடியான உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: காயப்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு. நண்பனைக் கலாய்த்தால் அவனும் திருப்பிக் கலாய்ப்பான். புல்லியிங்கில் அது முடியாது. நம் வகுப்பறைகளில் அந்தப் பலம் சாதியாக இருக்கலாம், நிறமாக இருக்கலாம், உடல் எடை, ஆங்கிலம், அப்பாவின் வேலை என எதுவாகவும் இருக்கலாம். இது எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு நடப்பதும் அல்ல. உலக அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு மாணவர், முந்தைய ஒரு மாதத்தில் புல்லியிங்குக்கு ஆளானதாக யுனெஸ்கோவின் 2019-ம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு உடைகிறார்கள்?

பட்டப்பெயர் வைத்தார்கள் என்பதற்காக ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நாள் முழுக்க அறையைப் பூட்டிக்கொள்கிறது. "இதுக்குப் போயா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால், சில பிள்ளைகளுக்கு அது முதல் அடி இல்லை. வீட்டில் தினமும் நடந்த சண்டை, குடித்துவிட்டு வந்த அப்பாவின் அடி, உறவினர் ஒருவரின் தொடுதல் என ஐந்தாறு வயதில் பட்ட காயம் ஒன்று ஏற்கெனவே உள்ளே இருக்கும். தொடர்ந்து பயத்தில் வளரும் குழந்தையின் மூளையும் உடலும் எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே பழகிவிடுகின்றன. பின்னால் நின்று யாரோ சிரித்தால்கூட இதயம் படபடக்கும், கை வியர்க்கும். பழைய பயமும் புதிய பயமும் ஒன்றாகச் சேர்ந்து தாக்கும்.

ஞாயிறு இரவு வரும் வயிற்றுவலி, திடீரெனக் குறையும் மதிப்பெண், தூக்கமின்மை, வீட்டில் தம்பி தங்கையிடம் காட்டும் எரிச்சல் ஆகியவற்றை 'வயசுக் கோளாறு' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

'நாங்கள்லாம் நல்லாத்தானே இருக்கோம்?'

"எங்க காலத்துல வாத்தியார் அடிக்காததா, பசங்க ஓட்டாததா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1990-களில் அமெரிக்காவில் நடந்த ஏ.சி.இ. ஆய்வு கேட்டது இப்படிப்பட்ட பெரியவர்களைத்தான். சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளைச் சந்தித்தவர்களுக்கு மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி போன்றவற்றுக்கான அபாயம், எதையும் சந்திக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை அதிகம் என 1998-ல் வெளியான அதன் முடிவு சொன்னது. இது தலையெழுத்து அல்ல, அபாயம் மட்டுமே. நம்பகமான ஒரு பெரியவர் உடனிருந்தாலே பிள்ளைகள் மீண்டு வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது.

அப்போ என்ன செய்யணும்?

முதலில், கேளுங்கள். "சொன்னது நல்லதாப் போச்சு. இது உன் தப்பு இல்ல" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். "அந்த மாமா ஏதாவது பண்ணாரா?" என்று பதிலை நாமே எடுத்துக் கொடுக்கவும் கூடாது. புதைந்ததைத் தோண்டும் வேலை பயிற்சி பெற்றவர்களுடையது.

இரண்டாவது, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். பாலியல் குற்றம் என்றால், போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "உனக்கு உதவ யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்றேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்பதே நேர்மையான பதில்.

மூன்றாவது, பள்ளிகள் 'சமரசக் கூட்டம்' நடத்துவதை நிறுத்த வேண்டும். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி "கை குடுத்துக்கோங்க" என்பது ஃபைலை மூடத்தான் உதவும். புகார் சொன்னது யார் என்பது வெளியே கசியக் கூடாது. அந்தப் பிள்ளை பத்திரமாக வீட்டுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி விசாரிக்க வேண்டும். சீண்டிய மாணவனுக்கும் ஆலோசனை தேவை. அவனுக்குள்ளும் ஒரு காயம் இருக்கலாம். அதற்காக அவன் செய்தது சரியாகிவிடாது.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றித்தான் அதிகம் விவாதித்தோம். பள்ளி நல அலுவலர்களை நியமிக்கச் சொன்ன பரிந்துரை அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. நியாயமாக அதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். ஒரு பிள்ளை போய்ச் சொல்ல, மதிப்பெண் போடாத ஒரு ஆள் பள்ளியில் இருக்க வேண்டும்.

வெட்டுப்பட்ட அந்த மாணவன் பிளஸ் 2 தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தான். எல்லோரும் பாராட்டினோம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால், ஒரு புகாரை எழுதிக் கொடுக்க ஒரு மாணவனுக்கு அவ்வளவு பெரிய மனவலிமை தேவைப்படக் கூடாது.

உதவிக்கு: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.