மற்றவர் வீட்டுப் பெடியன்

நாங்கள் இருக்கும் ஹவுகெட்டோவில் ஒரு கார் களவு போனாலும், ரயில் நிலையத்தடியில் ஒருவனுடைய ஜாக்கெட்டை இன்னொருவன் பறித்தாலும் எங்கள் வாயில் முதலில் வருவது ஒரே பேச்சுத்தான்: "நோர்வேயில சட்டம் காணாது. உள்ள தூக்கிப் போட்டாத்தான் திருந்துவாங்கள்." கோயிலிலும் சொல்கிறோம், பிறந்தநாள் விழாச் சாப்பாட்டு மேசையிலும் சொல்கிறோம். சொல்வதற்கு ஒரு குரோனர் செலவில்லை.

பக்கத்து டென்மார்க் அதைச் செய்து பார்த்துவிட்டது. 2010 யூலையில் தண்டனைக்குரிய வயதை 15இலிருந்து 14ஆக இறக்கினார்கள். 2012 மார்ச்சில் திரும்ப 15ஆக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது 14 வயதினரின் குற்றம் குறைந்திருக்கவில்லை. பிடிபட்ட பிள்ளைகள் மறுபடி மாட்டுவது கூடியிருந்தது, படிப்பும் கெட்டிருந்தது. கார்க் களவை விழுத்தியது வேறொன்று. 1998இலிருந்து ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கு, உரிய திறப்பு இல்லாமல் எஞ்சின் இயங்காதபடி மின்னணுப் பூட்டுக் கட்டாயமானது. நெதர்லாந்தில் மட்டும் அதனால் களவு ஏறத்தாழ 40 வீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். களவெடுக்கிற பெடியன் சட்டப் புத்தகம் பார்ப்பதில்லை. கார் ஸ்டார்ட் ஆகுமா, ஆராவது பார்க்கிறார்களா என்றுதான் பார்க்கிறான்.

நாங்கள் பார்க்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இரவு நடைக்கான தாள் கை மாறி வரும். மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வார இறுதி இரவுகளில் நிலையத்தையும் பஸ் தரிப்பிடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான். பெயர் எழுதாமலே அடுத்த கதிரைக்குத் தள்ளினோம். வேலை என்றோம். பொய்யில்லை, அந்தி வேலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கித்தான் எங்களில் பலர் இங்கே வீடு வாங்கினோம். ஆனால் சனிக்கிழமை அரங்கேற்றத்துக்கு மண்டபம் நிறைய இருந்தோமே.

பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை எங்களுக்கு வாசித்துச் சொன்னவன், அதில் யாரைப்பற்றி எழுதியிருந்ததோ அந்த மகனேதான். "ஒண்டுமில்லை அம்மா, சுற்றுலாவாம்." நம்பினோம். நம்புவது வசதியாகவும் இருந்தது.

ஒரு வீட்டுக்குப் பொலிஸ் வந்து தாய் தகப்பனோடு பேசிவிட்டுப் போனது தெரிந்ததும், அந்தப் பிள்ளையோடு சேரவேண்டாம் என்று எங்கள் பிள்ளைகளை மறித்தோம். அவன் தன்னைச் சேர்த்துக்கொள்கிறவர்களிடம் போனான். பார்னவேர்ண் என்ற சிறுவர் நலச் சேவை பிள்ளையைப் பறித்துவிடும் என்ற பயத்தை வீட்டுக்கு வீடு பரப்பினவர்களும் நாங்கள்தான். உதவி கேட்க நினைத்த தாயும் அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

சட்டம் காணாது என்கிறோமே, 2014இலிருந்து இங்கே இளையோர் தண்டனை என்று ஒன்று இருக்கிறது. பாரதூரமான குற்றமோ திரும்பத் திரும்பக் குற்றமோ செய்த 15 முதல் 18 வயதுக்குட்பட்டவனைச் சிறைக்கு அனுப்பாமல், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் அவர் முன்னாலேயே இருத்திப் பேசவைப்பார்கள். பள்ளி, வேலை, போதைப்பொருள் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டு மாதக்கணக்கில் பின்தொடர்வார்கள். லேசான தண்டனையில்லை அது. ஆனால் அவனைச் சுற்றிப் பெரியவர்கள் இருந்தால்தான் அது நடக்கும். மாமாவாக, சித்தியாக அந்த மேசைக்குப் போக எங்களில் ஆள் இருக்கவில்லை. அது அவர்கள் குடும்பப் பிரச்சினை என்றோம். அடுத்த கார் களவு போனதும் நாட்டின் பிரச்சினை என்றோம்.