ஒரு விளையாட்டின் இரு பாடங்கள்

இளங்கலை மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் சென்ற பருவத்தில் நம்மிடம் வந்து, 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' என்னும் வீடியோ விளையாட்டை முழுவதும் ஆடி முடித்துவிட்டதாகச் சொன்னார். நாமும் அதை ஆடியவர்கள்தாம் என்று அறிந்ததும் அவருக்கு வியப்பு. தமிழ்த்துறை ஆசிரியருக்கும் கன்ட்ரோலருக்கும் என்ன உறவு என்று எண்ணியிருக்கக்கூடும். பேச்சு வளர வளர அவ்வியப்பு நம் பக்கம் வந்து சேர்ந்தது. அவர் புல்வெளியைப் புகழ்ந்தார். காற்றில் தனித்தனியே அசையும் புல்லிதழ்களையும், கல்லின்மேல் படர்ந்த பாசியையும், நீரின் தெளிவையும் புகழ்ந்தார். நம் நினைவில் அந்நிலத்தில் புல் பெரிதாக இல்லை. இருந்தவை வெளிச்சமும் வெறுமையும்தான். ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இருவரும் இருவேறு படைப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஃபுமிட்டோ உவேதா இயக்கிய இவ்விளையாட்டு 2005-இல் பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்காக வெளிவந்தது. அதன் ஜப்பானியத் தலைப்பு 'வாண்டாவும் பேருருவும்' என்று பொருள்படுவது. ஆங்கிலத் தலைப்பு அந்த 'உம்' சுட்டும் உறவைத் தொலைத்துவிட்டு, நிழலைச் சேர்த்துக்கொண்டது. கதை மிகச் சிறிது. இறந்துபோன பெண்ணொருத்தியைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு, விலக்கப்பட்ட நிலமொன்றுக்கு ஓர் இளைஞன் வருகிறான். அங்குள்ள 16 பேருருவங்களைக் கொன்றால் அவள் உயிர் மீளக்கூடும் என்று உருவற்ற குரலொன்று சொல்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை பெரிதாயிருக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. அவ்வளவே. வேறு பகைவர் இல்லை, ஊர் இல்லை, உரையாட ஆளும் இல்லை. 2011-இல் இது துலக்கிய காட்சிகளுடன் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. 2018-இல் புளூபாயின்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் பிளேஸ்டேஷன் 4-க்காகக் காட்சிகள் அனைத்தையும் புதிதாக வரைந்தமைத்தது. நிலத்தின் அமைப்பும் நிகழ்வுகளும் பழையவை. மேனி முழுவதும் புதியது. நம் மாணவர் ஆடியது இதனை. நடுவில் வந்ததை விட்டுவிட்டு, முதலாவதையும் இறுதியானதையும் மட்டும் இங்கே ஒப்பிடுகிறோம்.

பிளேஸ்டேஷன் 2-இன் முதன்மை நினைவகம் 32 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் சில ஒளிப்படங்களே அதை நிரப்பிவிடும். அத்தனை சிறிய இடத்துக்குள் அத்தனை பரந்த நிலத்தை வைக்க முயன்றவர்கள், தொலைவை வெண்பனிப் படலத்தால் மூடினார்கள். நிறங்களை வெளிறச் செய்தார்கள். இருண்ட கோயிலிலிருந்து வெளியே வரும்போது திரை ஒரு கணம் வெண்மையால் நிறைந்து, கண் கூசி, மெல்ல மெல்ல நிலம் புலப்படும். அதுவும் பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்க வேண்டிய காட்சி. தட்டைத் திரையில் பழைய வட்டைப் போட்டால் கலங்கிய நீர்போல்தான் இருக்கும். எதிரே வருவது குன்றா, உயிரா என்று தெரியாமல் குதிரையை நிறுத்திவிட்டு நின்ற பொழுதுகள் பல. புதிய பாடத்திலும் பனி உண்டு. ஆனால் அங்கே பனிக்குப் பின்னால் இருப்பதை நாம் முன்பே அறிந்துவிடுகிறோம். பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தன்னை அறிவித்துக்கொள்கிறது. சாபமுற்ற நிலம் என்று கதை சொல்கிறது. வாழத்தக்க நிலம் என்று காட்சி சொல்கிறது.

நாயகனின் முகமும் அவ்வாறே. பழையதில் அம்முகத்தைச் சரியாகப் படிக்க இயலாது. ஒவ்வொரு பேருருவும் விழுந்தபின் கரிய இழைகள் அவன் உடலில் புகுகின்றன. தோல் வெளுக்கிறது, முடி கருக்கிறது. இம்மாற்றத்தை நாம் பாதிக் கதைக்குமேல் சென்றபின்னரே உணர்ந்தோம். உணர்ந்தபோது ஓர் அச்சம் தோன்றியது. புதிய முகம் மழமழப்பானது, இளமையானது. அதில் அழுக்குப் படிந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அது நிற்க. நமக்கு இதனினும் முதன்மையாகத் தோன்றுவது கைவிரல் பற்றிய செய்தி. பேருருவின் மேனியில் அடர்ந்திருக்கும் மயிரைப் பற்றி ஏற வேண்டும். பற்றியிருக்கும் வரை ஆர்1 விசையை அழுத்தியபடியே இருக்க வேண்டும், விட்டால் விழுவான். பேருரு உதறும்போது நம்மையறியாமல் விசையை இன்னும் இறுக்கி அழுத்துகிறோம். இறுக்குவதால் விளையாட்டில் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும் அழுத்துகிறோம். கொலையில் நம் உடலுக்கும் பங்குண்டு என்பதை அந்த வலி சொல்லிவிடுகிறது. 2018-இன் பாடம் அப்பணியை ஆர்2 விசைக்கு மாற்றியது. பழைய முறையைத் தேர்ந்துகொள்ளவும் வழி வைத்தது. இந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று வேகம். பழைய கன்சோல் நொடிக்கு 30 சட்டகங்களை எட்ட முயன்று பலவேளைகளில் 20-க்கும் கீழே இறங்கிவிடும். பேருரு காலை உயர்த்தி மண்ணில் ஊன்றும்போது திரையே தள்ளாடும். குறை என்றால் குறைதான். ஆனால் அக்குறையை அந்த உடலின் எடையாகவே நம் கண் வாசித்தது. பிளேஸ்டேஷன் 4-இல் அந்தத் தள்ளாட்டம் இல்லை; புரோ வகைக் கன்சோலில் 60 சட்டகங்கள்கூட உண்டு. பேருரு எளிதாக நடக்கிறது.

இதை மாணவரிடம் சொன்னபோது, எந்திரத்தின் இயலாமையைக் கலை என்று சாதிக்கிறீர்களே சார் என்றார். விடை சொல்வது எளிதன்று. இருபதாண்டுகளுக்கு முந்தைய நம் வயதின் மீதுள்ள பற்றை நாம் பழைய வட்டின் மீது ஏற்றிச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய இயலுமா? செய்ய மாட்டோம்.

புதியதில் 79 பொற்காசுகளை நிலமெங்கும் மறைத்து வைத்திருக்கிறார்கள். அனைத்தையும் சேர்த்தவருக்கு ஒரு வாள் பரிசு. காட்சியை நிறுத்தி, நிறம் கூட்டிக் குறைத்து ஒளிப்படம் எடுக்கும் வசதியும் உண்டு. துக்கவீட்டில் பொருட்காட்சி வைத்ததுபோல் நமக்குத் தோன்றியது. இதற்கும் மாணவர் மறுப்பு வைத்திருந்தார்: பழையதிலேயே கனிகளும் பல்லி வால்களும் தேடித் தின்று வலிமை பெறவில்லையா? பெற்றோம். ஆனால் அவை பசித்தவன் வழியில் பறித்துத் தின்பவை, அந்நிலத்துக்குரியவை. காசு யாருடையது?

புதிய பாடத்தை நாம் வெறுக்கிறோம் என்று கொள்ள வேண்டா. பதின்மூன்றாம் பேருரு பாலைவெளியின் மேல் மிதக்கும் நெடும்பாம்பு. அது நம்மைத் தாக்குவதே இல்லை. அதன் வயிற்றடியிலுள்ள காற்றுப்பைகளை அம்பால் துளைத்ததும் மணலருகே தாழ்கிறது. குதிரையை அதன் பக்கவாட்டில் விரட்டி, தொங்கும் இறகில் பாய்ந்து பற்ற வேண்டும். பழைய கன்சோல் இக்காட்சியில் மூச்சு வாங்கும். புதியதில் மணல் எழுந்து பறக்க, உயிர் ஒன்று வானில் நெளிந்து செல்வதைக் கண்டபோது, நமக்குத் தீங்கே செய்யாத இதை ஏன் கொல்கிறோம் என்ற கேள்வி முன்னினும் கூர்மையாக எழுந்தது. இவ்விடத்தில் புதிய பாடமே மேல் என்பது நம் கருத்து.

ஆகவே எது சிறந்தது என்பதன்று நம் வழக்கு. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் முதலியோர், தாம் கொண்ட பாடத்தை மேலே அச்சிட்டு, வேறுபட்ட பாடங்களைக் கீழே குறித்தார்கள். பதிப்பாசிரியர் தவறியிருந்தாலும் நாம் திருத்திக்கொள்ளலாம். 2018-இன் வட்டில் அடிக்குறிப்பு இல்லை. பழைய காட்சி அதில் எங்கும் கிடையாது. பிளேஸ்டேஷன் 4-இல் பிளேஸ்டேஷன் 2-இன் வட்டு ஓடவும் ஓடாது. புதியது பழையதன் பெயரையே தாங்கி அதன் இடத்தில் அமர்ந்துவிட்டது. இது தொழில்நுட்பத்தால் இயலாத செயலும் அன்று. 2011-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த 'ஹேலோ' விளையாட்டின் பத்தாமாண்டுப் பதிப்பில் ஒரு விசையை அழுத்தினால் பழைய காட்சியும், மீண்டும் அழுத்தினால் புதிய காட்சியும் தோன்றும். இரு பாடங்களும் ஒரே ஏட்டில்! துப்பாக்கி விளையாட்டொன்றுக்குக் கிடைத்த இந்தப் பதிப்புநெறி, இத்துறையில் இலக்கியம் என்று நாம் துணிந்து சொல்லக்கூடிய ஒரு படைப்புக்குக் கிடைக்கவில்லை. மறு ஆக்கம் செய்வோர் மூலத்தையும் உடன்வைத்துத் தர வேண்டும் என்று கேட்பது வாசகரின் உரிமை.

மாணவரை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்திருந்தோம். குழாய்த் தொலைக்காட்சியைத் தூசு தட்டி வைத்தோம். பழைய கன்சோல் வட்டைப் படிக்க இப்போதெல்லாம் அடம் பிடிக்கிறது. மூன்று முறை மூடியைத் திறந்து மூடினோம், திரை கருமையாகவே இருந்தது. நான்காம் முறை படித்தது. கோயிலை விட்டு வெளியே வந்ததும் வெளிச்சம் திரையை நிறைத்தது. தொலைக்காட்சியில் ஏதோ கோளாறு என்று எண்ணி அவர் எழுந்து பொத்தானைத் தேடினார். பின்பு உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் பேருருவின் வாள்மேல் ஏறிக்கொண்டிருந்தபோது, விரல் வலிக்கிறது சார் என்றார். ஆனால் விசையை விடவில்லை.