என்ன கட்டி என்று யார் சொல்வது?

மூன்றாண்டுகளில் நாட்டின் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்க்கான பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும், அவற்றில் 200 மையங்கள் 2025-26ஆம் ஆண்டிலேயே தொடங்கப்படும் என்று அந்த ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பு. பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒவ்வொரு தவணை மருந்துக்காகவும் தில்லிக்கு ரயிலேறும் குடும்பங்களின் அலைச்சல் ஓரளவு குறையக்கூடும். ஆனால், அந்த மையத்துக்குள் நுழைவதற்கு முன்பே நோயாளி கடந்தாக வேண்டிய வாசல் ஒன்று உண்டு. உடலில் தென்பட்ட கட்டி எத்தகையது என்று அவருக்கு யாரேனும் உறுதிபடச் சொல்ல வேண்டும். நமது திட்டங்கள் கவனிக்கத் தவறுவது இந்த வாசலைத்தான்.

மார்பகத்தில் தட்டுப்படும் கட்டிகளிலும் தைராய்டு முடிச்சுகளிலும் பெரும்பாலானவை தீங்கற்றவை. தொட்டுப் பார்த்தோ, ஸ்கேன் எடுத்தோ சந்தேகம் கொள்ளலாமே தவிர, பெரும்பாலும் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். அப்போதும் சில கட்டிகள் பிடிகொடுப்பதில்லை. தைராய்டில் வரும் ஒருவகைக் கட்டியில் ஊசி மூலம் உறிஞ்சி எடுக்கப்படும் செல்களை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது. கட்டியைச் சூழ்ந்துள்ள உறையை அது ஊடுருவியிருக்கிறதா என்பதே கேள்வி; கட்டியை அறுத்தெடுத்து, அந்த உறையை ஆராய்ந்த பிறகே விடை கிடைக்கும். சினைப்பையிலும் மார்பகத்திலும்கூட சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டுக் கட்டிகள் உண்டு.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு இவ்விஷயத்தில் பொருள் பொதிந்த வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறது. ஆராய்ந்த பின்னும் தன்மை உறுதிப்படாத கட்டிகள் ஒரு பிரிவு. தன்மை இன்னும் அறியப்படாத கட்டிகள் வேறொரு பிரிவு. முன்னது மருத்துவ அறிவியலின் எல்லை. அதை நேர்மையாக ஒப்புக்கொள்ளும் மருத்துவர் குறைகூறத்தக்கவர் அல்லர். பின்னது, நம் நாட்டில், பெரும்பாலும் நிர்வாகத்தின் குறை.

வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் 30 வயதைக் கடந்தவர்களைப் பரிசோதிக்க 2016இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம், மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம். கண்டறிவதிலேயே இந்த நிலை. கண்டறியப்பட்ட கட்டியின் கதி என்ன?

ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பீடு தரும் ஆயுஷ்மான் பாரத் திட்டம், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டது. சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களின் பரிசோதனைச் செலவையே அது ஏற்கிறது. கட்டி என்னவென்று அறிவதற்கோ பல நேரங்களில் வாரக்கணக்கில் ஆகிறது. புற்றுநோய் அல்ல என்று முடிவு வந்து, மருத்துவமனையில் சேரவே தேவையில்லாமல் போனால், தனியாரிடம் செய்த பரிசோதனைக்கான செலவு முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. இந்தச் செலவுக்கு அஞ்சியே பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. புகையிலை, குட்கா மெல்லுவோரின் வாயில் தோன்றும் வெண்படலம் புற்றாக மாறக்கூடியது என்பதை எண்ணினால், இந்தத் தாமதத்தின் விலை புரியும். இன்னொரு புறம், உறுதிப்படாத முடிவைப் புற்றுநோய் என்றே கொண்டு, அச்சத்தில் தேவையற்ற அறுவை சிகிச்சைக்கு ஆளாகிறவர்களும் இருக்கிறார்கள்.

கட்டடங்களும் கதிரியக்கக் கருவிகளும் திறப்புவிழாவுக்கு உகந்தவை. நுண்ணோக்கியின் முன் குனிந்திருக்கும் நோய்க்குறியியல் நிபுணருக்கு ரிப்பன் வெட்ட இயலாதுதான். அதற்காக அந்த இடங்களைக் காலியாக விட்டுவிடலாகாது.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. எடுத்த திசுவை உடனே ஃபார்மலினில் இட்டுப் பாதுகாத்தால், நிபுணர் இல்லாத மாவட்டத்திலிருந்தும் அதை நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மெழுகில் பதிக்கப்பட்ட திசு பல ஆண்டுகள் கெடாது; எனவே இரண்டாவது கருத்தைக் கேட்பதும் எளிது. 2012இல் தொடங்கப்பட்ட தேசிய புற்றுநோய் மருத்துவமனைகள் கூட்டமைப்பு இதற்கான வலைப்பின்னலாக ஏற்கெனவே இருக்கிறது. மாவட்ட மருத்துவமனைகளை அதனுடன் இணைக்க வேண்டும். முடிவு எத்தனை நாள்களுக்குள் தரப்பட வேண்டும் என்று காலவரையறை விதிக்க வேண்டும். உறுதிப்படாத கட்டி உள்ளவர்களை மீண்டும் எப்போது பரிசோதிப்பது என்பதற்குப் பதிவேடு வேண்டும். பகல்நேர சிகிச்சை மையம் அமையும் ஒவ்வொரு மாவட்டத்திலும், அதன் கதவு திறக்கும் அதே நாளில் இந்த ஏற்பாடும் தொடங்கப்பட வேண்டும்.