திருமலைக்கு இரண்டு டிக்கட்

திருமலையில் கோணேசர் கோயிலுக்குப் போனவர்கள் அந்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள். இராவணன் வெட்டுக்குக் கிட்ட, பாறை முடிந்து கடல் தொடங்கும் விளிம்பில், கிளையெல்லாம் சின்னச் சின்னத் தொட்டில்கள் கட்டியபடி நிற்கும். பிள்ளை வரம் கேட்டு வந்த கணவனும் மனைவியும் கட்டிவிட்டுப் போனவை அவை. கலியாணமாகி இரண்டு மூன்று வருடம் வீட்டில் தொட்டில் ஆடாவிட்டால், "கோணேசரிட்ட ஒருக்காப் போயிட்டு வாங்க" என்று பெரியவர்களே பஸ் காசும் தந்து அனுப்புவார்கள். இருவரும் தனியே போகலாம், இரவு தங்கலாம், கடற்கரையில் உலாவலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

பிள்ளை பிறந்ததும் அந்த அனுமதி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் குடும்பமாகத்தான்: பால்மா, பெனடோல் சிரப், மாற்றுடுப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றோடும். இருவர் மட்டும் பஸ் ஏறினால் பக்கத்து இருக்கையில் இருக்கிறவரே கேட்டுவிடுவார்: "புள்ளையள எங்க விட்டுட்டு வாறீங்க?" அந்தக் கேள்வி பெரும்பாலும் தாயைப் பார்த்தே வரும். தகப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. சிறுபிள்ளைகள் உள்ள தாயும் தகப்பனும் வருடத்தில் ஒருமுறையாவது பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு இரவு வெளியூர் போய்வர வேண்டும். நேர்த்திக்கடன் என்றோ ஆஸ்பத்திரி என்றோ காரணம் சொல்லாமல் போய்வர வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிலிப் கோவன், கரோலின் கோவன் என்ற தம்பதியர், முதல் பிள்ளையை எதிர்பார்த்திருந்த குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்து 1992இல் ஒரு நூல் எழுதினார்கள். பிள்ளை வந்த பின் பெரும்பாலான தம்பதியரிடம் மணவாழ்வின் திருப்தி குறைகிறது என்று கண்டார்கள். எங்கள் வீடுகளில் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. இரவு ஒன்பதரைக்கு இருவரும் பேசுவதைக் கேட்டாலே போதும். மருந்து கொடுத்தாச்சா, வான்காரருக்குக் காசு கட்டியாச்சா, நாளைக்கு யார் கூட்டிக்கொண்டு போவது. பொறுப்பை மாற்றிக்கொள்ளும் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை.

மட்டக்களப்பில் இருக்கும் எங்களுக்குத் திருமலை இப்போது மிகக் கிட்ட. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இறங்கிவிடலாம். என் அம்மாவின் காலத்தில் இது நினைத்துப்பார்க்க முடியாத காரியம். வெருகல், இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று துறைக்குத் துறை பாதைப் படகுக்காகக் காத்து நிற்க வேண்டும். சண்டை தொடங்கினால் அந்த வழியே இல்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தார்கள், மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. கொழும்பில் இருப்பவர்களுக்குக் கோட்டையிலிருந்து இரவு ரயில் இருக்கிறது. படுத்து எழும்பினால் திருமலை.

நிலாவெளி ஹோட்டல்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருவராகப் போகும்போது நகரத்துக்குள் தங்குவதுதான் நல்லது. கடற்கரை ஹோட்டலில் ஆளுக்கொரு கதிரையில் ஆளுக்கொரு போனோடு பொழுது போய்விடும். நகரத்தில் நடக்க வேண்டும். எதிரெதிரே இருந்து பேச வராதவை பக்கத்தில் நடக்கும்போது வருகின்றன. திருமலை நடப்பதற்கென்றே அமைந்த ஊர். பஸ் நிலையத்தில் இறங்கினால் பத்திரகாளி அம்மன் கோயில், அங்கிருந்து சிறிது தூரத்தில் பிரெட்ரிக் கோட்டை, கோட்டைக்கு ஒரு பக்கம் டச்பே கடற்கரை. ஊரின் மறுபக்கம் போனால் உட்துறைமுகம். எந்தத் தெருவில் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெரியும்.

பிள்ளைகளோடு போகும்போது கோட்டை வாசலில் நாங்கள் நின்றதே இல்லை. உள்ளே மான்கள் நிற்கும், அவர்கள் அதை நோக்கி ஓடுவார்கள், நாங்கள் அவர்களுக்குப் பின்னால் ஓடுவோம். தனியே போனபோதுதான் வாசல் நிலைக்கல்லில் இருக்கும் இரட்டை மீன் சின்னத்தையும் அதனோடிருக்கும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டையும் ஆறுதலாக நின்று பார்த்தோம். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பார்கள் என்று சொல்லும் கல்வெட்டு அது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கட்டிய கோட்டையின் வாசலிலேயே அது இருக்கிறது. என் கணவர் எனக்கு ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக் காட்டி வாசித்தார். பழைய விஷயங்களில் அவருக்கு இவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரிந்ததுதான். மறந்துபோயிருந்தேன்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் தாய் மீன் சாப்பிடும் விதம் எல்லோருக்கும் தெரியும். முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, ஊட்டி முடித்து, பிறகு ஆறிப்போன குழம்பை ஊற்றித் தான் சாப்பிடுவாள். அன்றைக்குப் பெயர்ப்பலகையும் இல்லாத ஒரு சின்னக் கடையில் விளைமீன் குழம்பும் சூடை மீன் பொரியலும் சுடச்சுட வந்தன. நான் எனக்கு மட்டும் முள் எடுத்தேன். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் வீட்டில் ஒரு கிழமை முள் எடுத்துப் பார்க்கட்டும்.

பின்னேரம் உட்துறைமுக வீதிப் பக்கம் போய் இருந்தோம். எதிர்க்கரையில் சீனக்குடா. பிரிமா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்கள் அங்கேதான் வரும். அதற்கு உள்ளே காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. அன்று ஒரு தாங்கி எரிந்து போனது. பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் நெடுநேரம் பேசினோம், அது தானாக வருவது. அது தீர்ந்த பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். கட்டாரில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். மாதக்கணக்காக எனக்குச் சொல்ல நினைத்து, வீட்டில் அதற்கு ஒரு அரை மணி நேரம் கிடைக்கவில்லையாம். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இருட்டும் வரை பேசினோம், போவதில்லை என்று முடிவெடுத்தோம்.

கிழக்கில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சே நடக்காமல் ஒருவர் விமானம் ஏறுகிறார். 2013இல் அரசாங்கம் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள தாய்மார் வீட்டுவேலைக்கு வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தி, குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2022இல் அந்த வயதெல்லையை இரண்டுக்குக் குறைத்தார்கள். தகப்பன் போவதற்கு அப்படி ஒரு அறிக்கை கேட்கப்படவில்லை. பஸ்சில் கேட்ட அதே கேள்வியைத்தான் சுற்றறிக்கையும் கேட்கிறது, கேட்பதும் தாயிடம்தான். ஒரு இரவு போய்வரும் பெண்ணுக்குக் குற்றவுணர்வு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை.

எனக்கும் அது இருந்தது. இரவு போன் எடுத்தபோது மகள் முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டு, "அம்மம்மா கதை சொல்லுறா, பிறகு எடுங்க" என்று வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்து, தாயும் பக்கத்திலேயே இருக்கும் வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு அம்மம்மா வீடு அந்நிய இடமில்லை. இந்த வழக்கத்தின் சுமையெல்லாம் அம்மம்மாவின் முதுகில் விழக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவவிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், அவவுக்கு வசதியான நாளில் போக வேண்டும். என் அம்மா வெள்ளிக்கிழமை வேண்டாம், கோயில் என்றா. சனிக்கிழமை போனோம்.

திரும்பி வந்து படங்களைக் காட்டியபோது அம்மா தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா. திருமலைக்குத் தானும் அப்பாவும் சேர்ந்து போனது ஒரே ஒருமுறை, அதுவும் அகதி முகாமில் இருந்த பெரியம்மாவைத் தேடி என்றா. அவர்களுடைய தலைமுறையில் பயணம் என்றால் இடம்பெயர்வு, அல்லது இடம்பெயர்ந்தவரைத் தேடுவது. கடலைப் பார்ப்பதற்கென்று அந்த இருவரும் எங்கேயும் போனதில்லை.

கடல் அடங்கியிருக்கும் வைகாசி, ஆனியில் அவர்கள் இருவரும் போகிறார்கள். பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம், அம்மாவின் கோழிகளையும்தான். நகரத்துக்குள் மாடிப்படி ஏறத் தேவையில்லாத அறையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு இறங்குதுறையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் ஒருமுறை போய்வர வேண்டுமாம். அம்மா முதலில் தயங்கினா, பிறகு எத்தனை மணிக்கு லோஞ்ச் என்று கேட்டா.