தோட்டத்து மூலை: ஊட்டிக்குப் போன அருகம்புல்

என் மூத்த பெண்ணை ஊட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தாம்பரத்தில் எங்கள் வீட்டுப் புல்தரையில் விளையாடி வளர்ந்தவள். முதல் தீபாவளிக்கு வந்தபோது, "அங்கே வாசலில் இடம் சும்மா கிடக்கும்மா, நம்ம அருகம்புல் கொஞ்சம் குடு" என்றாள். ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

மார்கழியில் போன் வந்தது. "புல்லெல்லாம் வைக்கோலாட்டம் ஆயிடுச்சும்மா. அம்மா வீட்டுப் புல் இந்த ஊருக்கு ஒத்துக்கலை, கொத்திப் போட்டுடுன்னு அத்தை சொல்றாங்க." அழாத குறைதான். அருகுபோல் வேரோடணும்னு வாழ்த்தி அனுப்பிய பெண்ணாயிற்றே, எனக்கும் மனசு கேட்கவில்லை. நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அருகம்புல் வெயிலுக்குப் பிறந்தது. 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை அதற்குக் கொண்டாட்டம். தாம்பரத்துக் குளிர் அதை ஒன்றும் செய்யாது. ஊட்டியோ சுமார் 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழும். மண் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் இந்த ஜாதிப் புல் பழுப்பாகித் தூங்கிவிடும். தூக்கம்தான், சாவு இல்லை.

சந்தேகமா? தரையோடு ஓடும் தண்டைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து முறிந்தால் போய்விட்டது. என் பெண் பார்த்ததில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தது. மீதி போனது என் தப்பு. குளிருக்கு முன்னால் வேர் பிடிக்க நாள் வேண்டாமா? மலை ஊர்களில் மே, ஜூனில் நட வேண்டும்.

குளிர் ஊரில் இருக்கும் சகோதரிகள் தேர்ந்தெடுக்க:

அருகு: நல்ல வெயில் வேண்டும், நிழலில் மெலியும். மிதித்தாலும் தாங்கும்.

கொரியன் புல்: மெதுவாகத்தான் படரும். ஆனால் குளிரை அருகைவிட நன்றாகத் தாங்கும், லேசான நிழலும் பரவாயில்லை.

அகல இலை பஃபலோ புல்: நிழலுக்கு நல்லது, உறைபனிக்கு ஆகாது.

கிக்குயு: கென்யா மலைப் பக்கத்துப் புல். ஊட்டிக் குளிருக்குப் பொருந்தும். ஆனால் கட்டுக்கடங்காமல் ஓடும். காய்கறிப் பாத்திப் பக்கமே விடாதீர்கள்.

மூன்று நாலு கணுவுள்ள துண்டுகளாக நறுக்கி, 4 அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். குளிர் தொடங்குமுன் புல்லை ஒட்ட வெட்டாதீர்கள், யூரியாவும் வேண்டாம். பனி படிந்த காலையில் மிதித்தால் இலை நொறுங்கி, கால் தடம் பழுப்பாக நிற்கும். தூங்கும் புல்லுக்குத் தண்ணீர் எப்போதாவது போதும்.

நம் தாம்பரம், பல்லாவரம் பக்கம் உறைபனிக் கவலை இல்லை. இங்கே கோடைத் தண்ணீர்தான் கவலை. வெயில் விழும் இடமென்றால் அருகே போதும், ஒரு வாரம் தண்ணீர் காட்டாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

பங்குனியில் மறுபடி போன். இந்தத் தடவை சம்பந்தி அம்மாளே பேசினார்கள். "உங்க புல் துளிர் விட்டுடுச்சுங்க. நல்லவேளை, கொத்தலை!"