கிழவராகவே பிறந்தவரா ஹங்கல்?

இந்தித் திரைப்பட ரசிகர்களிடையே நெடுங்காலமாக ஒரு கேலி வழங்கிவருகிறது. ஏ.கே. ஹங்கல் கிழவராகவே பிறந்தவர் என்பது அது. நரைத்த தலை, தளர்ந்த தோள், தழுதழுத்த குரல் இவையன்றி வேறொரு ஹங்கலைத் திரையில் எவரும் கண்டதில்லை. அமிதாப் பச்சன் முதுமை எய்தியதையும், ராஜேஷ் கன்னா தளர்ந்ததையும் பார்த்த ரசிகர்கள், ஹங்கல் மட்டும் எந்த மாற்றமுமின்றி அதே முதியவராக இருந்துகொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தனர். அன்பான சிரிப்புத்தான். ஆயினும் அக்கேலிக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அவருடைய இளமை எங்கே போயிற்று?

அவதார் கிஷன் ஹங்கல் 1914இல் சியால்கோட்டில் ஒரு காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தில் பிறந்து, பெஷாவரில் வளர்ந்தார். விடுதலைப் போராட்டம் அவரை மாணவப் பருவத்திலேயே ஈர்த்துக்கொண்டது. தையற்கலையைத் தொழிலாகக் கற்றார். பின்னர் கராச்சிக்குச் சென்று, அங்கே தையற்காரர்களைச் சங்கமாகத் திரட்டினார், கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்து பணியாற்றினார், சிறை சென்றார். தேசம் இரண்டாகப் பிளவுண்டபோது அவர் கராச்சியில் இருந்தார். 1949இல் விடுதலையாகிப் பம்பாய் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. கையில் இருந்தது தையல் தொழில் ஒன்றே. பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றமாகிய இப்டா அவரை ஏற்றுக்கொண்டது. பல்ராஜ் சாஹ்னி, கைஃபி ஆஸ்மி முதலியோருடன் ஆண்டுக்கணக்கில் மேடையில் உழைத்த பிறகே, 1966இல் வெளிவந்த 'தீஸ்ரி கசம்' படத்தின் வாயிலாகத் திரையுலகில் அடியெடுத்து வைத்தார். அப்போது அவர் ஐம்பதைக் கடந்துவிட்டிருந்தார்.

ஆக, இளமை எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. தையல் இயந்திரத்தின் முன்னும், சங்கக் கூட்டங்களிலும், சிறைக் கொட்டடியிலும், மேடையிலும் அது செலவாயிற்று. திரைக்கு மிஞ்சியது முதுமையே.

தமிழில் இத்தகைய நடிகரைக் 'குணச்சித்திர நடிகர்' என்பர். குணத்தைச் சித்திரித்துக் காட்டுபவர் என விரியும் நல்ல சொல். நடைமுறையிலோ, சுவரொட்டியில் நாயகனின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் பெயர் வருகிறவர் என்ற அளவிலேயே அச்சொல்லின் பொருள் நின்றுவிடுகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த ஹங்கலைப் பற்றிய ரசிகர் கருத்தும் பெரும்பாலும் இந்த அளவில் நின்றுவிட்டது. 'குட்டி', 'அபிமான்', 'கோரா காகஸ்' ஆகிய மூன்று படங்களிலும் ஜெயா பாதுரியின் தந்தை அவரே. 'சித்சோர்' படத்தில் ஜரீனா வஹாபின் தந்தையும் அவரே. 'ஆந்தி'யில் வீட்டாருக்கு உற்ற துணையான பிருந்தா காகா. எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன, ஒரே நல்ல கிழவரைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்பது ரசிகர்களின் முதல் குறை. இக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது நடிகருடைய குறையா, அவரை அழைத்தவர்களின் குறையா என்பதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். இந்தி வணிகத் திரைப்படத்திற்கு ஏழையும் முதியவனும் தேவைப்பட்டனர். நாயகனின் இரக்கத்திற்கு உரியவர்களாக மட்டும் தேவைப்பட்டனர். அவர்கள் கண்ணீர் விடலாம், ஆசி வழங்கலாம், இறக்கலாம். சங்கம் அமைக்கக் கூடாது.

இதற்கு விலக்காக அமைந்த படம் ஒன்று உண்டு. 1973இல் ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கிய 'நமக் ஹராம்'. அதில் ஹங்கல் ஏற்றது பிபின்லால் என்னும் தொழிற்சங்கத் தலைவர் வேடம். ஆலை முதலாளியின் மகன் விக்கி (அமிதாப் பச்சன்) அவரை அவமதிக்கிறான். வேலைநிறுத்தம் மூளுகிறது. தந்தையின் கட்டளைப்படி விக்கி அதே தலைவரிடம் மன்னிப்புக் கேட்க நேர்கிறது. இந்த அவமானத்திற்குப் பழிவாங்கவே விக்கியின் நண்பன் சோமு (ராஜேஷ் கன்னா) தொழிலாளி வேடமிட்டு ஆலைக்குள் நுழைந்து, தொழிலாளரின் நம்பிக்கையைப் பெற்று, பிபின்லாலின் இடத்தைப் பிடிக்கிறான். பின்னர் தொழிலாளரின் வாழ்க்கையை அருகிருந்து காணக் காண அவன் மனம் மாறுகிறது.

இப்படத்தைப் பற்றிய பேச்சு அரை நூற்றாண்டாக ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ராஜேஷ் கன்னா சிறப்பாக நடித்தாரா, அமிதாப் அவரை விஞ்சிவிட்டாரா? ஒரு நட்சத்திரம் மறைந்து இன்னொன்று உதித்த படம் என்று அதைப் போற்றுவார்கள். பிபின்லாலைப் பற்றி ஒரு சொல் கேட்பது அரிது. ஆனால் அந்தப் படம் நிற்பதே பிபின்லால் என்ற தூணின்மேல்தான். அவரை விலைக்கு வாங்க முடியாது என்பதால்தான் முதலாளி வர்க்கத்திற்கு ஒரு சூழ்ச்சி தேவைப்படுகிறது. ஹங்கலின் நடிப்பில் மேடைப் பேச்சாளரின் முழக்கம் இல்லை. தலைவர் என்றால் கைமுட்டியை உயர்த்திக் கத்துபவர் என்ற திரைமரபை அவர் ஒதுக்கிவிடுகிறார். நாள்தோறும் ஆலை வாயிலில் நின்று பழகிய ஒருவரின் பொறுமையும், முதலாளியின் முன் குனியாத முதுகும் அவரிடம் தெரிகின்றன. கராச்சியில் தையற்காரர் சங்கத்தை நடத்தியவருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

படத்தின் வர்க்கப் பார்வை குறையுடையது என்பதையும் சொல்லியாக வேண்டும். நேர்மையான பழைய தலைவரை ஒரு புதியவன் சில சில்லறை வெற்றிகளைக் காட்டி எளிதில் ஓரங்கட்டிவிட முடியும் என்று அது காட்டுகிறது. இறுதியில் நீதி கிடைப்பது தொழிலாளரின் போராட்டத்தால் அன்று, நண்பனை இழந்த முதலாளி மகனின் மனச்சான்றால். எனினும், சூழ்ச்சியால் சங்கம் உடைக்கப்படுவது எவ்வாறு என்பதை இத்தனை வெளிப்படையாகக் காட்டிய வணிகப்படம் இன்னொன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெரும்பாலானோருக்கு ஹங்கல் என்றதும் நினைவுக்கு வருவது 'ஷோலே'யின் இமாம் சாஹிப். ராம்கட் கிராமத்தின் கண்பார்வையற்ற முதியவர். அவருடைய மகன் அகமதைக் கப்பர் சிங் கொன்று, உடலைக் குதிரைமேல் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறான். ஊரே திரண்டு நிற்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோலூன்றி வரும் தந்தை, ஏன் இத்தனை நிசப்தம் என்று கேட்கிறார். இக்கேள்வி இன்று நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. வகுப்பறையில் ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். விருந்தில் பேச்சு நின்றுபோனால் சொல்லிச் சிரிக்கிறார்கள். மகனின் பிணம் கிடக்கும் இடத்தில் அதை அறியாத தந்தை கேட்ட கேள்வி அது என்பது, சிரிப்பவர்களில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

இதைவிட வருந்தத்தக்கது, அக்கேள்விக்குப் பின் வருவது மறக்கப்பட்டதுதான். அகமதின் சாவுக்குப் பிறகு கிராமத்தார் அஞ்சி, காவலுக்கு வந்த இருவரையும் கப்பரிடம் ஒப்படைத்துவிடலாம் என்கின்றனர். இனி இந்தச் சுமையைத் தாங்க இயலாது என்பது அவர்கள் வாதம். மகனை இழந்தவரே அவர்களை மறுத்துப் பேசுகிறார். தந்தையின் தோளில் ஏறும் மகனின் பாடையைக் காட்டிலும் பெரிய சுமை உலகில் இல்லை, அதையே தான் தாங்கும்போது இவர்களால் இதைத் தாங்க முடியாதா என்று கேட்கிறார். இந்த ஊருக்காகக் கொடுக்க இன்னும் சில பிள்ளைகளை ஏன் தரவில்லை என்று இறைவனிடம் கேட்கப் போவதாகக் கூறிப் பள்ளிவாசலை நோக்கி நடக்கிறார். அச்சத்தால் சிதறவிருந்த ஊர் அந்தச் சொற்களால் ஒன்றுசேர்கிறது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதங்கூட நிறையாத 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியான படம் இது.

இக்காட்சியிலும் கேள்வி எழுப்ப இடமிருக்கிறது. இந்தித் திரையில் நல்ல முஸ்லிம் என்றால் அவர் முதியவராக, கண்ணற்றவராக, எவருக்கும் தீங்கு செய்ய இயலாதவராக இருக்க வேண்டும். ஊருக்காக மகனையும் பலிகொடுத்துத் தம் நல்லெண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டும். பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்த எந்தப் பாத்திரத்திடமும் கேட்கப்படாத சான்றிதழ் இது. ஹங்கல் அந்த வேடத்தை வெறும் பரிதாபத்திற்குரியதாக ஆக்காமல், ஊரின் மனச்சான்றாக உயர்த்தினார் என்பது அவருடைய திறன். எழுதப்பட்டதைக் காட்டிலும் பெரியதாக ஒரு பாத்திரத்தை நடித்துக் காட்டுவது குணச்சித்திர நடிகர்களுக்கே உரிய வேலை.

எம்.எஸ். சத்யுவின் 'கரம் ஹவா'வில் அவர் ஏற்ற அஜ்மானி சாஹிபும் அப்படியே மறக்கப்பட்டவர். பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் தங்கிவிட்ட சலீம் மிர்ஸாவின் குடும்பம் தன் பரம்பரை மாளிகையை இழக்கிறது. சிந்துவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வணிகரான அஜ்மானியின் கைக்கு அது போகிறது. கதையின் போக்குப்படி வெறுக்கத்தக்க மனிதராக ஆகியிருக்க வேண்டியவர். ஆனால் மிர்ஸாவிடம் அவர் பகையின்றி, மரியாதையுடன் நடந்துகொள்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் பல்ராஜ் சாஹ்னியைப் பற்றிப் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். எனினும், வேரோடு பிடுங்கப்பட்ட இருவர் எதிரெதிரே அமர்ந்திருக்கும் காட்சிகளில், ஒருவராக நடித்தவர் மெய்யாகவே கராச்சியிலிருந்து வந்தவர் என்பது தெரிந்தால் அக்காட்சிகளின் கனம் கூடும்.

1982இல் பாசு சட்டர்ஜியின் 'ஷௌகீன்' வந்தபோது ரசிகர்களில் ஒரு சாரார் முகம் சுளித்தனர். அசோக் குமார், உத்பல் தத், ஹங்கல் ஆகிய மூவரும் அதில் இளம்பெண்மீது சபலம் கொண்டு கோவாவுக்குப் பயணமாகும் கிழவர்கள். இமாம் சாஹிபா இப்படி என்ற அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியே நடிப்பின் வெற்றிக்குச் சான்று. இவருக்குப் பலவகை நடிப்பு வராது என்றவர்கள், பலவகை வந்தபோது அதை ஏற்க மறுத்தனர் என்பதுதான் வேடிக்கை.

இடதுசாரி வட்டாரங்களிலும் அவரைப் பற்றி ஒரு முணுமுணுப்பு இருந்ததுண்டு. மேடையைவிட்டு வணிகப் படங்களுக்குள் போய்த் தம்மைக் கரைத்துக்கொண்டார் என்பது அது. இது நேர்மையான கணக்கன்று. படங்களில் நடித்துக்கொண்டிருந்த காலத்திலும் அவர் இப்டாவை விட்டு விலகவில்லை. தையற்காரன் அடுத்தவருக்குத் தைத்துக் கொடுத்துத்தான் பிழைக்கிறான். அதனால் அவன் சங்கத்தைக் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவதில்லை.

அவருடைய வாழ்வில் மிகப் பெரிய சோதனை 1993இல் வந்தது. பாபர் மசூதி இடிக்கப்பட்டு, பம்பாய் கலவரத்தில் எரிந்து, குண்டுவெடிப்புகளைக் கண்ட காலம். தாம் பிறந்த மண்ணைப் பார்த்துவர விசாவுக்கு விண்ணப்பித்திருந்த ஹங்கல், பாகிஸ்தான் துணைத் தூதரகத்தின் அழைப்பை ஏற்று அந்நாட்டின் தேசிய நாள் நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே அவரைப் புறக்கணிக்குமாறு அழைப்பு விடுத்தார். ஹங்கலின் உருவபொம்மைகள் எரிக்கப்பட்டன. அவர் நடித்த படங்கள் தடுக்கப்பட்டன. சில படங்களில் அவருடைய காட்சிகள் வெட்டப்பட்டன. வாய்ப்புகள் நின்றன. ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர், எண்பதை நெருங்கும் வயதில் தேசத்துரோகி ஆக்கப்பட்டார்.

அவரைப் புறக்கணிக்க முடிவு செய்தவர்கள் ரசிகர்கள் அல்லர். 'ஷோலே'யின் இமாமுக்காகக் கண்ணீர் வடித்த கோடிக்கணக்கான மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. ஓர் அரசியல் கட்சி மக்களின் பெயரால் முடிவெடுத்தது. தயாரிப்பாளர்களும் திரையரங்க உரிமையாளர்களும் முதலீட்டை எண்ணிப் பணிந்தனர். படம் பிடிக்கவில்லை என்று ஒரு ரசிகர் எழுந்து போவது அவருடைய உரிமை. பிறர் பார்க்கக் கூடாது என்று திரையரங்கு வாயிலில் தடியுடன் நிற்பது உரிமையன்று. அன்று ஒரு முதிய நடிகர்மேல் சோதித்துப் பார்க்கப்பட்ட இந்தக் கருவி, பிந்தைய ஆண்டுகளில் எத்தனை படங்கள்மேலும் கலைஞர்கள்மேலும் ஏவப்பட்டது என்பதைத் தோழர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ராம்கட் கிராமத்தாரைப் போலத் திரையுலகப் பெரும்புள்ளிகள் அன்று வாயடைத்து நின்றனர்.

ஹங்கல் மீண்டும் வந்தார். 2001இல் வெளியான 'லகான்' படத்தில், எண்பத்தேழு வயதில், சம்பு காகாவாக ஊர் மக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். 2006இல் அரசு பத்மபூஷண் அளித்தது. 2011இல் மருத்துவச் செலவுக்கு வழியின்றி அவர் தவிப்பதாகச் செய்தி வந்த பிறகே திரையுலகம் கைகொடுத்தது. 2012 ஆகஸ்ட் 26 அன்று மும்பையில் காலமானார்.

கிளைகளிலும் திரைப்படச் சங்கங்களிலும் திரையிடல் நடத்தும் தோழர்கள் 'கரம் ஹவா'வையும் 'நமக் ஹராம்'மையும் அடுத்தடுத்த வாரங்களில் காட்டலாம். ஆலைத் தொழிலாளர்கள், தையல் தொழிலாளர்கள் வாழும் பகுதிகளில் காட்டுவது இன்னும் நன்று. படம் முடிந்ததும் நாயகர்களைப் பற்றிப் பேச்சு எழத்தான் செய்யும், எழட்டும். அதன்பின் பிபின்லால் எந்த இடத்தில் தவறினார், சோமுவை அவரால் ஏன் அடையாளம் காண முடியவில்லை என்று கேட்டுவிட்டு, சங்கத்தில் இருப்பவர்களையே முதலில் பேசவிட வேண்டும்.